மன்னார்த் தீவு: கோச்சி போய் நின்ற கரை

மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் வயதானவர்களிடம் “உங்கள் குடும்பம் எந்த வழியாக வந்தது?” என்று கேட்டால் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊரின் பெயர். மற்றது மன்னார். தமிழ்நாட்டு ஊரின் பெயரை மறந்துவிட்ட குடும்பங்கள்கூட மன்னாரை மறக்கவில்லை. ஆனால் அங்கே என்ன இருந்தது என்று மேலும் கேட்டால் பதில் மூன்று சொற்களில் முடிந்துவிடும்: மணல், வெயில், கப்பல்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து நாடு திரும்பும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கும், அவர்களை எதிர்பார்த்திருக்கும் தோட்டத்து உறவினர்களுக்கும் இக்கையேடு தயாரிக்கப்பட்டுள்ளது. திரும்புகிறவர்களில் சிலர் மலைநாட்டுக்கு வருவார்கள். வேறு சிலர், 1983க்குப் பின் தாங்கள் வாழ்ந்த மன்னார், வவுனியா மாவட்டங்களுக்கே போவார்கள். எங்கே போனாலும் அவர்களுடைய பத்திரங்களில் மன்னாரின் பெயர் எங்காவது இருக்கும். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் இந்தத் தீவை மூன்று வெவ்வேறு திசைகளில் கடந்திருக்கின்றன. ஏன் அப்படி நடந்தது என்பது தெரிந்தால், அந்தப் பத்திரங்களில் உள்ளதும் இல்லாததும் விளங்கும்.

தீவும் அதன் களப்பும்

மன்னார்த் தீவு இலங்கையின் வடமேற்கில், இந்தியாவை நோக்கி நீட்டிய விரல் போலக் கிடக்கிறது. மன்னார் நகரிலிருந்து மேற்கு முனையான தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்கப்பால் இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகள் தனுஷ்கோடி வரை தொடர்கின்றன. பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையில் இருப்பது ஆழக்கடல் அல்ல. ஆழமில்லாத களப்பும் சேற்று நிலமும்தான். வற்றுக் காலத்தில் பல இடங்களில் முழங்கால் அளவு நீரே நிற்கும். ஒரு நீண்ட தாம்போதியும் பாலமும் இந்தக் களப்பைக் கடந்து தீவை நாட்டோடு இணைக்கின்றன.

மலைநாட்டிலிருந்து முதன்முதலாகப் போகிறவருக்கு அங்கே எல்லாமே தலைகீழாகத் தோன்றும். மடுல்சீமையில் நிமிர்ந்து பார்க்க வேண்டியதும் குனிந்து பார்க்க வேண்டியதும் உண்டு. மன்னாரில் இரண்டும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மட்டம். பனை, உடைமரம், வெள்ளை மணல். மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் காற்றுதான். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரை வீசும் சோளகக் காற்று தெற்குக் கரையில் மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

ஆனால் சில நாள் தங்கியவர்கள் அந்த மட்டமான நிலத்துக்கும் ஓர் அழகு உண்டு என்பதைக் கண்டுகொள்வார்கள். நகருக்கு அருகில் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது மன்னார் மக்களின் நம்பிக்கை. தெருவில் கழுதைகள் கூட்டமாகத் திரியும். வெளியூரார் பார்த்துச் சிரிப்பார்கள். பொதி சுமக்க வணிகர்கள் கொண்டுவந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். இன்று சுமை இல்லாமல், உரிமையாளரும் இல்லாமல் சுற்றுகின்றன. மழைக்காலத்தில் களப்பு நிறைந்ததும் வடக்கிலிருந்து பறவைகள் வரும். பூநாரைகளும் வாத்துகளும் ஆயிரக்கணக்கில் இறங்கும் வங்காலைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. தாம்போதியில் பஸ் போகும்போது வலமும் இடமும் பார்த்தால் போதும், இதற்கென்று தனியாகப் போக வேண்டியதில்லை.

துறைமுகமாக இருந்த காலம்

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் மாந்தை, பழைய மாதோட்டத் துறைமுகம். அநுராதபுரம் தலைநகராக இருந்த காலத்தில் அதன் கடல்வாசல் இதுதான். அங்குள்ள திருக்கேதீஸ்வரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். பிறகு ஆங்கிலேயர். முத்துப்படுகைகளைப் பிரித்தானிய அரசு 1906இல் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி கிடைக்காமல் அந்தத் தொழில் நொடிந்தது.

போர்த்துக்கேயருக்கும் முந்திய ஒரு துயரமும் இத்தீவுக்கு உண்டு. 1544இல் கிறிஸ்தவம் தழுவிய ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசனான சங்கிலி கொல்வித்தான். அவர்களை மன்னார்க் கத்தோலிக்கர்கள் தோட்டவெளியில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சுற்றுலாப் புத்தகங்கள் கோட்டையைத்தான் முதலில் காட்டும். நம்முடைய குடும்பங்களுக்கு அது முக்கியமான இடமல்ல. நமக்கு முக்கியமானவை தலைமன்னார் இறங்குதுறையும், அதற்கு முன்பு இருந்த வடக்குப் பாதையும்.

நடந்து வந்தவர்கள்

1820களில் இலங்கை மலைகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள்: திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் பின்னால். தோணியில் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடை. மடுல்சீமைக்கு வர வேண்டியவர்களுக்கு மாத்தளை பாதி வழிதான். அதற்குப் பிறகு கண்டியையும் பதுளையையும் தாண்ட வேண்டும்.

அந்தப் பாதை வறண்ட காட்டின் ஊடாகப் போனது. குடிக்க நல்ல நீர் இல்லை. கொலரா, மலேரியா, பட்டினி. நடக்க முடியாதவர்கள் பாதையோரத்தில் விடப்பட்டார்கள். இறந்தவர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. பலர் இறந்தார்கள் என்பதில் வாதம் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை மலையகத்தார் தங்கள் வருகையின் நினைவோடு சேர்த்தே பேசுவதற்கு இந்த நடையும் ஒரு காரணம்.

கோப்பி ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர் அல்ல. பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் வந்த வழியே ஊர் திரும்பினர். ஆகவே ஆண்டுதோறும் இரண்டு திசைகளிலும் மன்னார் வழியே மக்கள் ஓட்டம் இருந்தது. இந்த ஓட்டத்தை மாற்றிய சம்பவம் நம் பகுதியில்தான் தொடங்கியது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் மடுல்சீமை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குத் தனி ஆண்கள் போதாது, குடும்பங்கள் தேவைப்பட்டன. லயங்கள் நிரந்தர வீடுகளாயின. பருவத்துக்கு வந்துபோன மக்கள் குடியிருக்கும் மக்களானது அப்போதுதான்.

வடக்குப் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. சில காலம் ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தார்கள். மன்னார் கொஞ்சக் காலம் ஓய்ந்து கிடந்தது.

கப்பலும் கோச்சியும்

1914இல் அந்த ஓய்வு முடிந்தது. பெப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இந்திய ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. இலங்கைப் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை போடப்பட்டது. இரண்டு முனைகளையும் நீராவிக் கப்பல் இணைத்தது. சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை வரலாம். கடற்பயணம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். பின்னாளில் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்தத் துறையில் ஓடின.

தலைமன்னார் அதன் பிறகு ஒரு சிறுநகரம் போல ஆயிற்று. இறங்குதுறை, கலங்கரை விளக்கம், சுங்கச் சாவடி, புகையிரத ஊழியர் விடுதிகள், கடைகள். பேசாலையின் மீனும் கருவாடும் அதே கோச்சியில் ஏறித் தென்னிலங்கைக்குப் போயின. மலையகத்துக் கடைகளில் மன்னார்க் கருவாட்டுக்குத் தனிப் பெயர் கிடைத்ததற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம்.

தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு டிக்கெட் மட்டும் போதாது. இந்தியக் கரையில் மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. அங்கே அவர்களைச் சில நாட்கள் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை ஊசி குத்தி, பெயர் பதிந்தார்கள். மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எண் பொறித்த தகரத்துண்டு ஒன்றும் கொடுக்கப்பட்டது. கப்பலில் இறங்கியதும், கோச்சி மாறும் இடங்களிலும், அந்த எண்ணைப் பார்த்தே ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். 1924இல் ரயில் பாதை பதுளை வரை நீண்டபின், மடுல்சீமைக்கு வருகிறவர்கள் பதுளையில் இறங்கிப் பசறை வழியாக மலை ஏறினார்கள். அதற்கு முன் பண்டாரவளையில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது.

மண்டபம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குப் போகிறவர்களை வடிகட்டிய அதே முகாம், பின்னாளில் இலங்கையிலிருந்து ஓடி வந்தவர்களை ஏற்கும் முகாமாயிற்று. இந்தக் கையேட்டைப் படிக்கும் பலர் அங்கே தங்கியிருப்பீர்கள். உங்கள் பூட்டனாரும் அங்கே தங்கியிருக்கலாம்.

1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் புறப்படுவதைத் தடை செய்தது. அதன்பின் புதிதாக ஆட்கள் வருவது பெரும்பாலும் நின்றது. ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் ஊர்த் திருவிழாவுக்கும், கலியாணத்துக்கும், சாவுக்கும் போய்வருவது மட்டும் தொடர்ந்தது.

ஒப்பாரிக் கோச்சி

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததைப் பத்திரத்தால் நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களிலும் பெரும்பகுதியினர் நிராகரிக்கப்பட்டார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேருக்கு இந்தியப் பிரசாவுரிமை, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென்று 1974இல் முடிவாயிற்று. சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், டிசெம்பர் 22ஆம் திகதி இரவு பாக்குநீரிணையில் புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. அங்கு வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. தலைமன்னாரும் மன்னார்க் கரையோரமும் சேதமடைந்தன. அதன்பின் கப்பல் தனுஷ்கோடிக்குப் பதிலாக இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1967இல் அமுலாக்கச் சட்டம் வந்து, ஆட்களை அனுப்பும் வேலை தொடங்கியபோது எல்லாரும் அந்தக் கப்பலில்தான் போனார்கள். 1970களில் ஓடிய இராமானுஜம் கப்பலின் பெயர் மலையகத்தில் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது.

பதுளையிலிருந்து புறப்பட்ட கோச்சியைப் பொல்கஹவெலையில் மாற வேண்டும். அங்கிருந்து குருநாகல், மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி, பிறகு தலைமன்னார். ஒரு லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்தது. சேர்ந்து விண்ணப்பித்திருந்தும் பெற்றோர் ஒரு பக்கம், மணமுடித்த மகள் மறுபக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. வழியனுப்ப வந்தவர்கள் நிலையங்களில் ஒப்பாரி வைத்து அழுதார்கள். சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியை உயிரோடு போகிறவர்களுக்காகப் பாடினார்கள். அதனால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தலைமன்னாருக்கு இது கடைசி வளமான காலம். இறங்குதுறையில் கூட்டம் இருந்தது, கடைகளில் வியாபாரம் இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே திசையில் போனார்கள். வருகிறவர்களாலும் போகிறவர்களாலும் வாழ்ந்த ஓர் ஊர், போகிறவர்களால் மட்டும் வாழத் தொடங்கியது. அப்படி அதிக காலம் ஓடாது. 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் புறப்படாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

தீவு வெறுமையானது

1977, 1983 வன்செயல்களின்போது மலைநாட்டிலிருந்து பல குடும்பங்கள் வடக்குக்கு ஓடின. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறின. அங்கும் போர் வந்தது. 1984க்குப் பின் கப்பல் இல்லை. ஆகவே பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் இரவில் ஏறினார்கள். பாட்டன் தோணியில் வந்த கடலைப் பேரப்பிள்ளை வள்ளத்தில் திரும்பக் கடந்தது. இம்முறை கையில் எந்தத் துண்டும் இல்லை.

1990 தீவின் மிக மோசமான ஆண்டு. யூனில் போர் மீண்டும் தொடங்கியது. பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது, ரயில் பாதை அழிந்தது. ஆயிரக்கணக்கானோர் இந்தியா போனார்கள். மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற பழைய முஸ்லிம் ஊர்கள் சில நாட்களுக்குள் வெறுமையாயின. அவர்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். பலர் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது மிகக் கொஞ்சம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்குத் திரும்பும் குடும்பம், தான் மட்டுமே இழந்து திரும்புவதாக நினைக்கக்கூடும். பக்கத்துக் காணியில் புத்தளத்திலிருந்து திரும்பிய குடும்பம் இருக்கும். அதற்கடுத்து, முழுக் காலமும் போருக்குள் இருந்தே கழித்த குடும்பம் இருக்கும். ஒரே காணிக்கு இரண்டு பேரிடம் இரண்டு காலத்துப் பத்திரங்கள் இருப்பதும் நடக்கும். பேச்சைத் தொடங்குவதற்கு முன் இது தெரிந்திருப்பது நல்லது.

இன்று போனால்

2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14ஆம் திகதி ரயில் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டு இடைவெளி. நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் பழைய இறங்குதுறை தெரியும். கப்பல் வருவதில்லை. இராமேஸ்வரத்துக்குக் கப்பல் மீண்டும் விடப்படும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியது வேறு பாதையில், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில்.

அதே ஆண்டு யூலை இறுதியில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து பலர் நடக்கத் தொடங்கினார்கள். முன்னோர் நடந்த வழியைத் தொட்டு நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். மன்னாரிலிருந்து திரும்புகிற பாதை முழுவதிலும் நம்மை விருந்தினராகப் பார்த்த முதல் பயணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தீவில் வாழப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். குடிநீர் எல்லா இடத்திலும் நன்றாக இல்லை. சில கிணறுகள் உவர்ப்பு. காணி பார்க்கும்போது பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். வயல் வேலை செய்து பழகியவர்களுக்குத் தீவு ஏற்றதல்ல. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன் பக்கம் பெருநிலத்தில்தான் நெல் விளைகிறது. தீவில் தொழில் மீன்பிடி, அதைச் சார்ந்த கூலி வேலை, பனை வேலை, சிறுகடை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பற்றிப் பேசாலை மீனவர்களுக்குக் கடும் மனக்கசப்பு உண்டு. கடலடியை வாரும் அந்த முறை இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இராமேஸ்வரத்தில் அத்தகைய படகுகளில் கூலிக்குப் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், முதல் வாரத்திலேயே அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். தெற்குக் கரையில் 2020இல் அமைந்த தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் வருவது பற்றியும் கனிம மணல் அகழ்வு பற்றியும் தீவு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். தீவின் தாழ்ந்த நிலமும் மழைநீர் வடிவதும் அவர்களுக்குப் பெரிய கவலை. காணி வாங்குகிறவர்களும் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

மடுல்சீமையிலிருந்து உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் பதுளைக்கு வந்து ரயிலில் பொல்கஹவெலை போய், அங்கே வடபகுதி வண்டிக்கு மாறலாம். ஒப்பாரிக் கோச்சி போன அதே வழி. மலைப்பாதையில் மண்சரிவால் ரயில் நிறுத்தப்படுவது உண்டு. புறப்படுமுன் பதுளை நிலையத்தில் விசாரியுங்கள். ஆவணி மாதம் மடு மாதாவின் திருவிழாவுக்கு மலைநாட்டிலிருந்தும் பலர் போவார்கள். வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கும் உறவினர் ஒரே இடத்தில் சந்திக்க அது வசதியான நாள்.

பத்திரங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் கடவுச்சீட்டோடும் குடும்ப அட்டையோடும் கப்பலில் போனவர்கள் தாயகம் திரும்பியோர் என்று பதியப்பட்டார்கள். அவர்கள் இந்தியப் பிரசைகள். 1983க்குப் பின் வள்ளத்தில் போய் முகாமில் பதிந்தவர்கள் அகதிகள். ஒரே குடும்பத்தில் இரு வகையினரும் இருக்கலாம். இரண்டுக்கும் வழிமுறை வேறு வேறு.

இரண்டாம் வகையினருக்கு இரண்டு சட்டங்கள் முக்கியமானவை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆனால் இலங்கையில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றதால் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் அதற்குள் வரவில்லை. 2009இல் வந்த திருத்தம், போர்ச் சூழலால் இந்தியா போக நேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே 1964இல் உங்கள் குடும்பம் ஒரு தோட்டத்தில் இருந்தது என்பதைக் காட்டும் எந்தத் துண்டுக் காகிதமும் பெறுமதியானது. தோட்டத்துச் செக்ரோல் பதிவு, தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவு, பழைய அரிசி அட்டை, பாட்டியின் மரணச் சான்றிதழ் எதையும் வீசிவிடாதீர்கள். மடுல்சீமையில் இருக்கும் உறவினர்கள் இதில்தான் பெரிய உதவி செய்ய முடியும். தோட்டக் காரியாலயத்திலும் பாடசாலையிலும் நேரில் போய்க் கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மண்டபத்தில் எழுதியவர் ஒரு விதமாகவும், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேறு விதமாகவும், முகாம் அதிகாரி இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களில் இது உண்டு. ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி மூலம் உறுதிப்படுத்தலாம். பதுளையிலும் மன்னாரிலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் இதற்கு உதவி கேட்கலாம். பிறப்புப் பதியப்படாதிருந்தால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்து பிரசாவுரிமை பெறலாம். புறப்படுமுன் அங்கேயே முடித்துவிட்டு வந்தால் இங்கு அலைச்சல் குறையும்.

முகாம் பதிவு அட்டையை நாடு திரும்பியதும் தேவையில்லை என்று எண்ணி விட்டுவிட்டு வருகிறார்கள். அதில் நீங்கள் எந்த ஆண்டு, எந்தக் கரையிலிருந்து போனீர்கள் என்று எழுதியிருக்கும். பேசாலை அல்லது தலைமன்னார் என்று அதில் இருக்கும் ஒரு சொல், நீங்கள் இலங்கையிலிருந்து போனவர் என்பதற்குச் சான்றாகலாம். அட்டையின் இரு பக்கங்களையும் நிழற்பிரதி எடுத்து, கிராம அலுவலரிடம் பிரதியை மட்டும் கொடுங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.